புது அறையில் ஹார்ன் ஒலிபெருக்கி: ஒரு நிகழ்வு ஆய்வு

புதிதாகக் கட்டிய வீட்டில் இசை கேட்பதற்கென்றே ஒதுக்கிய அறை. நீளம் 6 மீட்டர், அகலம் 4.2, உயரம் 3. செங்கல் சுவர், அதன்மேல் சிமென்ட் பூச்சு, கான்கிரீட் கூரை, வழுவழுப்பான டைல்ஸ் தரை. பின்சுவரில் ஏறக்குறைய முழு அகலத்துக்கும் ஜன்னல்.

ஒவ்வொரு பக்கமும் 15 அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) கொண்ட ஒரு பெட்டி. அகலம் 50 செ.மீ., உயரம் 75, ஆழம் 45. பாஸ் ரிஃப்ளெக்ஸ் (காற்றுத் துளை உள்ள) வகை, 38 ஹெர்ட்ஸில் டியூன் செய்தது. அதன்மேல் தனியாக நிற்கும் ஹார்ன் (புனல்போல் விரியும் குழாய்), பக்கவாட்டில் 90 பாகை, மேல்கீழாக 40 பாகை. வாய் 46 செ.மீ. அகலம், 26 செ.மீ. உயரம். ஹார்னின் முதுகில் 1.4 அங்குலத் தொண்டை (ஒலி வெளிவரும் துளை) உள்ள கம்ப்ரஷன் டிரைவர், ஹார்னுக்குள் ஒலியை எழுப்புவது அதுதான். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் ஊஃபர் 97 டெசிபல், டிரைவர் 109 டெசிபல். தாழ்ந்த ஒலியை ஊஃபருக்கும் மேலொலியை ஹார்னுக்கும் பிரிக்கும் கிராஸ்ஓவர் வேலையை டிஎஸ்பி (டிஜிட்டல் ஒலிச் செயலி) செய்கிறது. நான்கு சேனல் ஆம்ப் இரு ஊஃபர்களையும் இரு டிரைவர்களையும் தனித்தனியாக ஓட்டுகிறது.

பெட்டிகளைச் சுவரோரம் நிறுத்தி ஒயர் கொடுத்ததும் கேட்டது இது: பாடுகிறவரின் குரல் காதைக் குத்துகிறது, ஜால்ரா சத்தம் தகரம்போல் இழுத்துக்கொண்டே போகிறது, பாஸ் கிட்டார் எந்தச் சுரத்தை வாசித்தாலும் ஒரே சுரம்தான் முழங்குகிறது. பாட்டு நின்றதும் ஹார்னிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஓயாத இரைச்சல். இப்படிக் கேட்டால் பெரும்பாலோர் முதலில் ஆம்பை மாற்றுவார்கள், அடுத்து டிரைவரை, கடைசியில் "ஹார்ன் என்றாலே கத்தும்" என்று சொல்லி விற்றுவிடுவார்கள். இந்த அறையில் ஆம்பும் டிரைவரும் கடைசிவரை மாறவே இல்லை. மாறியது இடம், இணைப்பு, நேரப் பொருத்தம், அறையின் உறிஞ்சல். எல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் ஈக்யூ (அலைவரிசைவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது). இந்த வரிசை முக்கியம். ஈக்யூவில் தொடங்குகிறவர்கள் அறையின் குற்றத்துக்கு ஒலிபெருக்கியைத் தண்டிக்கிறார்கள்.

வெறும் அறை சொன்ன கணக்கு

அறையின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினால் 'டர்ர்ர்' என்று இறக்கை அடிக்கும் ஒலி. பக்கச் சுவர்களுக்கிடையே போய்வர 8.4 மீட்டர், ஒலிக்கு அது சுமார் 24.5 மில்லி நொடி. அதாவது நொடிக்கு 41 தட்டல்கள். தரைக்கும் கூரைக்கும் இடையிலும் இதே விளையாட்டு, 17.5 மில்லி நொடிக்கு ஒரு முறை.

எதிர்முழக்க நேரம் (ஒலி 60 டெசிபல் அடங்க ஆகும் நேரம்) நடு அலைவரிசையில் 2.2 நொடி. பேச்சே புரியாத அளவு. அறையின் கனஅளவு 75.6 கன மீட்டர். சபீன் சூத்திரப்படி 0.161-ஐ இதனால் பெருக்கினால் 12.17. அதை 2.2-ஆல் வகுத்தால் 5.5. ஆக, சுமார் 112 சதுர மீட்டர் மேற்பரப்பு உள்ள அறையில் முழுதாக உறிஞ்சும் பரப்பு ஐந்தரை சதுர மீட்டருக்குச் சமம். மீதியெல்லாம் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்புகிறது.

ஹார்ன் ஒலியைக் குறுக்கி அனுப்புவதால் அறை அவ்வளவாகக் கெடுக்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. நேரடி ஒலியும் அறையின் முழக்கமும் சமமாகும் தூரத்தைக் கணக்கிடலாம். இந்த ஹார்னின் குவிப்பெண்ணை (ஒலியை எவ்வளவு குறுக்கி அனுப்புகிறது என்ற அளவு) சுமாராக 10 என்று வைத்தால், வெறும் அறையில் அந்தத் தூரம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. கேட்பவர் உட்காரப்போவது கிட்டத்தட்ட 4 மீட்டரில். அவர் காதுக்குப் போனதில் பெரும்பங்கு சுவர்கள் பாடியது. எதிர்முழக்கத்தை 0.46 நொடிக்குக் கொண்டுவந்தால் அதே தூரம் 2.3 மீட்டராக நீளும். குரல் குத்தியதற்கு முதல் காரணம் இதுதான்.

பாஸ் ஒரே சுரமாக முழங்கியதற்கும் அறையின் அளவே காரணம். நீளவாட்டு நிலையலைகள் (எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நின்று முழங்கும் அலைகள்) 28.6, 57.2, 85.8 ஹெர்ட்ஸ், அகலவாட்டில் 40.8, உயரவாட்டில் 57.2. நீளம் உயரத்தைப்போல் சரியாக இரு மடங்கு என்பதால், நீளத்தின் இரண்டாம் நிலையலையும் உயரத்தின் முதலாவதும் 57 ஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. இன்னும் வரைபடத்தில் இருக்கும் அறை என்றால் நீளத்தை 6.5 மீட்டராக்கியே இதைத் தவிர்த்திருக்கலாம். கட்டி முடித்த பிறகு மிச்சமிருப்பது நாற்காலியின் இடமும் ஒலிபெருக்கியின் இடமும்தான்.

எங்கே நிறுத்துவது

முதலில் நாற்காலி. முன்சுவரிலிருந்து (ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருக்கும் சுவர்) 3 மீட்டர், அதாவது அறையின் நடு, கண்ணுக்கு அழகான இடம். காதுக்கு மோசமான இடம். 28.6, 85.8 இரண்டுமே அங்கே செத்துவிடும், 57 மட்டும் உச்சத்தில் நிற்கும். பின்சுவரை ஒட்டினால் எல்லா நிலையலையும் சேர்ந்து முழங்கும். 57 ஹெர்ட்ஸின் நீளவாட்டு அலைக்கு 1.5, 4.5 மீட்டர்களில் வெற்றிடம் (அந்த அலை கேட்காத இடம்). நாற்காலியை 4.3 மீட்டரில் வைத்தோம்: அந்த அலையில் ஐந்தில் ஒரு பங்குதான் அங்கே காதில் விழும், 28.6-ம் போதிய அளவு கிடைக்கும், பின்சுவருக்கு 1.7 மீட்டர் இடைவெளியும் உண்டு. சரியாக 4.5-இல் வைக்கவில்லை, முழு வெற்றிடத்தில் உட்கார்ந்தால் அந்தச் சுரமே காணாமல் போகும்.

அடுத்து ஒலிபெருக்கி. 'சுவரிலிருந்து தள்ளி வை' என்ற பொதுவான அறிவுரைப்படி, சுவரோரத்திலிருந்து பெட்டியை நகர்த்தி முதலில் முன்முகத்தை முன்சுவரிலிருந்து 1.05 மீட்டரில் வைத்தோம். அளந்ததும் 82 முதல் 86 ஹெர்ட்ஸ் வரை பெரிய பள்ளம். இரண்டு காரணங்கள் சேர்ந்துகொண்டன. பின்னால் போன ஒலி முன்சுவரில் பட்டுத் திரும்பும்போது, தூரம் கால் அலைநீளமாக இருக்கும் அலைவரிசையில் எதிர்க்கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி) வந்து நேரடி ஒலியை அழிக்கும்: 343-ஐ 4.2-ஆல் வகுத்தால் 82 ஹெர்ட்ஸ். போதாக்குறைக்கு நீளத்தின் மூன்றாம் நிலையலைக்கு (85.8) வெற்றிடம் 1 மீட்டரில், ஊஃபர் அங்கே நின்றால் அந்த அலையைக் கிளப்பவே முடியாது. இந்தப் பள்ளத்தை ஈக்யூவால் நிரப்பப் பார்த்தால் 10 டெசிபல் கூட்டினாலும் நிரம்பாது. ஆம்பின் சக்தி பத்து மடங்கு செலவாகும், ஊஃபரின் கூம்பு (கோன்) துடிக்கும், காதுக்கு ஒன்றும் வராது.

முன்முகத்தை 65 செ.மீ.-க்குக் கொண்டுவந்ததும் பள்ளம் 132 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்து ஆழமும் குறைந்தது. பெட்டி 45 செ.மீ. ஆழம் என்பதால் முதுகுக்கும் சுவருக்கும் இடையே 20 செ.மீ. மிஞ்சுகிறது, அதில் 10 செ.மீ. ராக்வூல் (பாறைப் பஞ்சு) பலகை நிற்கும். 132 ஹெர்ட்ஸில் அந்தத் தடிமன் பள்ளத்தை மென்மையாக்கும், ஒழித்துக்கட்டாது. இதைவிட ஆழமான பெட்டி என்றால் இந்த வசதியும் இல்லை.

இரண்டு ஒலிபெருக்கிகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 2.7 மீட்டர், பக்கச் சுவருக்கு 75 செ.மீ. கேட்பவரிடமிருந்து ஒவ்வொன்றும் 3.89 மீட்டர். இடவலத் தூரத்தை டேப்பால் அல்ல, லேசர் அளவியால் பார்க்க வேண்டும், ஒரு செ.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருத்துங்கள். ஹார்ன் ஒலியின் முனை கூர்மையானது, பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்.

உள்நோக்கித் திருப்புவதில்தான் ஹார்ன் தன் மதிப்பைக் காட்டுகிறது. கேட்பவரை நேராகப் பார்க்கும்படி திருப்பினால் கோணம் 20 பாகை. அதைத் தாண்டி 28 பாகைக்குத் திருப்பினோம். இரு அச்சுகளும் கேட்பவருக்கு ஒரு மீட்டருக்கும் சற்று முன்னால் குறுக்கிடுகின்றன. அவர் அச்சிலிருந்து 8 பாகைக்குள்தான் விலகியிருக்கிறார், ஒலித்தரம் குறையவில்லை. ஆனால் அருகிலிருக்கும் பக்கச் சுவரில் பட்டு அவரிடம் வரும் கதிர், ஹார்னின் அச்சிலிருந்து 66 பாகை தள்ளிக் கிளம்ப வேண்டியிருக்கிறது. 90 பாகை ஹார்ன் 45 பாகையிலேயே 6 டெசிபல் இறங்கிவிடும். 66-இல் அதைவிட மிகக் கீழே. வழக்கமாக 2.15 மில்லி நொடி கழித்து வந்து, பாடகர் எங்கே நிற்கிறார் என்ற ஒலி உருவத்தைக் கலைக்கும் அந்தப் பிரதிபலிப்பு நோஞ்சானாகிவிடுகிறது. இன்னொரு லாபமும் உண்டு: சோஃபாவில் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் வலது ஹார்ன் கிட்டே வருகிறது, ஆனால் அதன் அச்சிலிருந்து விலகுகிறோம், இடது ஹார்ன் தூரமாகிறது, ஆனால் அதன் அச்சுக்குள் வருகிறோம். இரண்டும் ஈடாகி, பாடகர் ஓரளவு நடுவிலேயே நிற்கிறார்.

உயரத்துக்கு ஒரே விதி, ஹார்னின் நடு காது உயரத்தில். சோஃபாவில் அமர்ந்தால் காது தரையிலிருந்து 100 செ.மீ. பெட்டிக்கு அடியில் 10 செ.மீ. பிளைவுட் பீடம் கொடுத்ததும் ஹார்னின் நடு 100-இலும் ஊஃபரின் நடு 62-இலும் வந்தன.

ஹார்னும் டிரைவரும் சேருமிடம்

இந்த வகை டிரைவர்கள் 102 மி.மீ. வட்டத்தில் நான்கு எம்6 போல்ட்டுகளால் ஹார்னில் இறுகுகின்றன. நடுவே ஒரு கேஸ்கெட். காற்று கசியாமல் இருக்க வேண்டும், துளையின் விளிம்பு டிரைவரின் வெளிவாயோடு படிக்கட்டு இல்லாமல் ஒன்ற வேண்டும். கேட்கச் சிறிய விஷயம். தொண்டையில் உச்ச ஒலியின் அலைநீளம் இரண்டு மூன்று செ.மீ.தான் என்பதை நினைத்தால் சிறியதல்ல.

இந்த அறையில் இடது ஹார்ன் மட்டும் 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரை வலதைவிட 3 முதல் 4 டெசிபல் குறைந்தும் கரடுமுரடாகவும் அளவீட்டில் தெரிந்தது. டிரைவர்களை இடம் மாற்றிப் பொருத்தினால் கோளாறு டிரைவரோடு போகிறதா, ஹார்னோடு நிற்கிறதா என்று தெரியும். மாற்றியதும் கோளாறே மறைந்தது. அதுவே துப்பு: கழற்றி மாட்டும்போது ஏதோ சரியாகியிருக்கிறது. கழற்றிய கேஸ்கெட்டைப் பார்த்தால் ஒரு பக்கத்தில் பிறைபோல் 3 மி.மீ. அளவுக்கு விளிம்பு நசுங்கிப் பளபளத்தது. அவ்வளவும் தொண்டைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பகுதி. ஒரு போல்ட்டை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் டிரைவர் சாய்ந்து கேஸ்கெட் இப்படி நழுவும். நான்கையும் கையால் திருகி, பிறகு எதிரெதிராகக் கால் சுற்று கால் சுற்றாக முடுக்க வேண்டும். முடித்ததும் ஹார்ன் வாயிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தொண்டையைச் சுற்றி ஒரே சீரான வட்டம் தெரிய வேண்டும்.

டிரைவரின் எடை முழுவதும் ஹார்னின் கழுத்தில் தொங்கக் கூடாது. டிரைவருக்கு அடியில் ஒரு மரக்கட்டைத் தாங்கலும், அதன்மேல் 5 மி.மீ. ரப்பரும் போதும்.

ஒயரிங்கும் இரைச்சலும்

முதல் முறை கம்ப்ரஷன் டிரைவரை ஆம்பில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். டிஎஸ்பியின் நான்கு வெளியீடுகளில் எது எது என்று குழம்பி, ஊஃபருக்கான வெளியீட்டை டிரைவரில் கொடுத்தால் ஒரு டிரம் அடியில் டயாஃப்ரம் (டிரைவருக்குள் அதிரும் மெல்லிய தகடு) போய்விடும். விலை குறைந்த ஒரு பழைய ஸ்பீக்கரை ஒவ்வொரு வெளியீட்டிலும் மாட்டிப் பாட்டு ஓட்டிப் பாருங்கள்: ஒன்று 'டும் டும்', ஒன்று 'ட்ஸ் ட்ஸ்'. உறுதியான பிறகு கேபிளின் இரு முனையிலும் பெயர் ஒட்டுங்கள்.

நிரந்தரப் பாதுகாப்புக்கு ஆம்புக்கும் டிரைவருக்கும் நடுவே தொடராக ஒரு 100 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர். 8 ஓம் சுமையில் அதன் வெட்டுப்புள்ளி 199 ஹெர்ட்ஸ். ஆம்ப் கெட்டு டிசி கக்கினாலும், சுவிட்ச் போடும்போது 'தும்' என்று அதிர்ந்தாலும் டிரைவர் தப்பும். 850 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவரில் இது கொண்டுவரும் இழப்பு 0.23 டெசிபல், கட்டமாற்றம் (அலையின் சுற்று முன்பின் நகர்வது) 13 பாகை. முன்னதை விட்டுவிடலாம், பின்னதை நேரப் பொருத்தத்தில் கவனிப்போம்.

இனி அந்த 'ஸ்ஸ்' இரைச்சல். டிரைவர் ஊஃபரைவிட 12 டெசிபல் உரத்தது. அந்த 12 டெசிபல் முதலில் டிஎஸ்பிக்குள் குறைக்கப்பட்டிருந்தது. பாட்டு குறைந்தது, இரைச்சல் குறையவில்லை. காரணம் எளிது: டிஎஸ்பியின் வெளியீட்டில் எப்போதும் இருக்கும் இரைச்சல் சுமார் 50 மைக்ரோவோல்ட், ஆம்ப் அதை 20 மடங்காக்கினால் ஒரு மில்லிவோல்ட். சாதாரண ஸ்பீக்கரில் யாருக்கும் கேட்காது. 109 டெசிபல் டிரைவரில் அது ஒரு மீட்டரில் 40 டெசிபல், இரவின் அமைதியில் அறை முழுக்கத் தெரியும்.

குறைக்க வேண்டிய இடம் ஆம்புக்குப் பின்னால். கெபாசிட்டரை அடுத்து தொடராக 6 ஓம் ரெசிஸ்டர், டிரைவரின் இரு முனைக்குக் குறுக்காக 2.7 ஓம். இந்த எல்-பேடு பாட்டையும் இரைச்சலையும் சேர்த்து 12 டெசிபல் இறக்குகிறது. 40 டெசிபல் இரைச்சல் 28 ஆனது, 3.89 மீட்டரில் காதுக்கு எட்டவில்லை. ஆம்ப் பார்க்கும் சுமை அதே 8 ஓம். எதிர்பாராத இன்னொரு நன்மை: கம்ப்ரஷன் டிரைவரின் இம்பீடன்ஸ் (அலைவரிசையோடு மாறும் மின்தடை) ஒத்ததிர்வில் பல மடங்கு ஏறும், பேடு இருந்தால் கெபாசிட்டர் பார்க்கும் சுமை 8-க்கும் 8.7 ஓமுக்கும் இடையில்தான் ஆடும், அதன் வெட்டுப்புள்ளி நகராது. கெபாசிட்டரைப் பேடுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும் என்பது இதனால்தான். 6 ஓமுக்கு 20 வாட், 2.7-க்கு 10 வாட், இரண்டும் இண்டக்டன்ஸ் இல்லாத வகை. வீட்டு ஒலி அளவில் கைவைத்தால் சூடே தெரியாது.

ஊஃபரில் கேட்ட 50 ஹெர்ட்ஸ் 'உம்ம்' வேறு நோய்: எர்த் லூப். ப்ரீஆம்பும் டிஎஸ்பியும் வெவ்வேறு சுவர் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுத்தன, நடுவே ஆர்சிஏ கேபிள். எல்லாவற்றையும் ஒரே மின் பட்டைக்குக் கொண்டுவந்து, டிஎஸ்பியிலிருந்து ஆம்புக்கு எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு கேபிள் போட்டதும் அடங்கியது. பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது உயிரோடு விளையாட்டு. ஒருபோதும் செய்யக் கூடாது.

சுவிட்ச் போடும்போது டிஎஸ்பி முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது தலைகீழ்.

850 ஹெர்ட்ஸும் அரைச்சுற்றுப் பொறியும்

கிராஸ்ஓவர் ஏன் 850? ஒரு ஹார்ன் தன் கோணத்தை எந்த அலைவரிசை வரை காப்பாற்றும் என்பதற்கு ஒலிப் பொறியாளர் டான் கீல் 1975இல் தந்த எளிய சூத்திரம் உண்டு: 25,400-ஐக் கோணத்தாலும் மீட்டரில் வாயின் அகலத்தாலும் வகுக்க வேண்டும். 90 பாகை, 0.46 மீட்டர் என்றால் 613 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஹார்ன் பக்கவாட்டில் விரியத் தொடங்கும். மறுபக்கம் 15 அங்குல ஊஃபர் மேலே போகப்போகக் குறுகுகிறது. 850-இல் 45 பாகை விலகினால் சுமார் 4 டெசிபல் இறங்கும், ஹார்ன் அங்கே 6 டெசிபல். இரண்டின் விரிவும் ஏறக்குறைய ஒத்துப்போகும் இடத்தில் கைமாற்றினால்தான் அறைக்குள் போகும் ஒலியில் படிக்கட்டு விழாது. 600-இல் வெட்டினால் ஹார்ன் தன் எல்லையில் தவிக்கும், டயாஃப்ரம் அதிகம் ஆடும். 1,500-க்கு ஏற்றினால் ஊஃபர் டார்ச் லைட்போல் குவிந்துவிடும். மேல்கீழ்க் கோணத்துக்கு அதே சூத்திரம் தருவது 2,440 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே தரையும் கூரையும் ஒலியைப் பார்க்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டி இருபுறமும் ஆக்டேவுக்கு (அலைவரிசை இரட்டிக்கும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல், லிங்க்விட்ஸ்-ரைலி வகை.

இப்போது நேரம். டயாஃப்ரத்திலிருந்து ஹார்ன் வாய் வரை 30 செ.மீ.; ஊஃபரின் ஒலிமையம் முன்முகத்துக்கு 10 செ.மீ. பின்னால். இரண்டு முகமும் ஒரே கோட்டில் நின்றால் ஹார்ன் 20 செ.மீ. பின்தங்குகிறது, 0.58 மில்லி நொடி. 850 ஹெர்ட்ஸின் முழுச் சுற்று 1.18 மில்லி நொடி. ஆக, தாமதம் கிட்டத்தட்ட சரியாக அரைச் சுற்று! இதுதான் பொறி. தாமதம் எதுவும் கொடுக்காமல் அளந்தால் 850-இல் 11 டெசிபல் பள்ளம் தெரியும். டிரைவரின் கூட்டல், கழித்தல் ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்தால் பள்ளம் மூடிக்கொள்ளும், வளைவு அரை டெசிபலுக்குள் சமதளமாகிவிடும். 'சரியாகிவிட்டது' என்று நிறுத்திவிடத் தோன்றும். உண்மையில் ஊஃபர் இன்னும் அரைச் சுற்று முன்னால் ஓடுகிறது. ஒரு தாள வாத்தியத்தின் அடி ஒரு துண்டாக வராமல் இரண்டாகப் பிளந்து வருகிறது. அலைவரிசை வளைவு மட்டும் பார்க்கிறவர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சரியான வழி: ஆர்இடபிள்யூ என்ற ஒலி அளவீட்டு மென்பொருள், அளவுத் திருத்தக் கோப்போடு வரும் யூஎஸ்பி மைக், நேரக் குறிப்புக்கு ஒரு சேனலின் ஹார்ன். மைக்கைக் காது உயரத்தில், குறைந்தது 2.5 மீட்டர் தள்ளி வையுங்கள். ஒரு மீட்டரில் வைத்தால் ஊஃபரும் ஹார்னும் மைக்கைப் பார்க்கும் கோணம் வேறாகி, நாற்காலியில் பொருந்தாத எண் கிடைக்கும். ஹார்னுக்கான ஸ்வீப் (கீழிருந்து மேலே ஏறும் சோதனை ஒலி) 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகக் கூடாது. ஊஃபரைத் தனியாக அளந்து, ஹார்னைத் தனியாக அளந்து, இரண்டின் கட்டக் கோடுகளும் 850-ஐச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று படியும் வரை ஊஃபருக்குத் தாமதம் கூட்ட வேண்டும். இங்கே 0.58-இல் தொடங்கி 0.48-இல் நின்றது. நாற்காலியிலிருந்து பார்த்தால் ஊஃபர் 1.8 செ.மீ. கூடுதல் தூரம், கெபாசிட்டர் ஹார்னின் கட்டத்தை 13 பாகை முன்தள்ளுகிறது, இரண்டும் சேர்ந்து அந்த 0.1 மில்லி நொடி.

சோதனை: சரிசெய்த பிறகு டிஎஸ்பியில் ஹார்னின் துருவத்தை மட்டும் தலைகீழாக்கி அளந்து பாருங்கள். 850-இல் கிணறுபோல் ஆழமான, இருபுறமும் ஒரே மாதிரி சரியும் பள்ளம் விழ வேண்டும், 25 டெசிபலாவது. ஒரு பக்கம் சாய்ந்தோ மேலோட்டமாகவோ இருந்தால் தாமதம் இன்னும் தப்பு. சரியென்றால் துருவத்தைத் திருப்பி வையுங்கள், மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

உறிஞ்சல்

இலக்கு 0.45 நொடி. அதற்கு வேண்டியது 27 சதுர மீட்டர். கையில் இருப்பது 5.5. பின்சுவர் ஜன்னலுக்கு 4 மீட்டர் அகலம், 2.5 உயரம் மூடும் கனத்த திரை, துணி இரு மடங்கு எடுத்துச் சுருக்கு வைத்தது: 6. ஒலிபெருக்கிக்கும் சோஃபாவுக்கும் நடுவே 3-க்கு 2 மீட்டர் தடித்த கார்பெட், அடியில் ஃபெல்ட்: 2.4. சோஃபா 2, புத்தக அலமாரியும் மற்றவையும் 2. ராக்வூல் பலகைகள் பன்னிரண்டு: 8.6. கூட்டினால் 26.5, எதிர்முழக்கம் 0.46 நொடி.

பலகை ஒவ்வொன்றும் 1.2-க்கு 0.6 மீட்டர், 10 செ.மீ. தடிமன், கன மீட்டருக்கு 48 முதல் 60 கிலோ அடர்த்தி, மரச்சட்டத்தில் அடைத்து, ஊதினால் மூச்சு புகும் துணியால் போர்த்தியது. ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் நான்கு. பக்கச் சுவர்களில் தலா இரண்டு, முன்முகத்திலிருந்து 96 செ.மீ. முன்னால் நடுவாக, சுவரிலிருந்து 10 செ.மீ. இடைவெளி விட்டு. ஹார்ன் அந்தச் சுவரைப் பார்ப்பதில்லை என்று மேலே சொன்னோமே, பிறகு ஏன் பலகை? 850-க்குக் கீழே பாடுவது ஊஃபர். அது சுவரை நன்றாகவே பார்க்கிறது. அதனால்தான் 2 செ.மீ. ஸ்பாஞ்சு இங்கே பயன்படாது. அது ஹார்ன் ஏற்கெனவே தவிர்த்துவிட்ட உச்ச ஒலியை மட்டும் தின்று அறையை மந்தமாக்கும். மீதி நான்கு பலகை கூரையில், சோஃபாவுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே.

புது வீடு என்பதால் ஓர் எச்சரிக்கை. பூச்சுச் சுவர் உள்ளே ஈரம் காயப் பல மாதம் எடுக்கும். அதற்குள் ராக்வூலைச் சுவரோடு ஒட்டி அடைத்தால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். சுவரில் ஒரு சதுர பிளாஸ்டிக் தாளை நாற்புறமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

பலகை மாட்டிய பிறகும் பாஸில் ஏதோ ஒரு 'கிர்ர்'. 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மிக மெதுவான சைன் ஸ்வீப் விட்டு, அறையைச் சுற்றி நடந்தால் பிடிபடும். இங்கே 57-இல் சுவிட்ச் போர்டின் மூடி, 74-இல் ஜன்னல் கொக்கி. மூடிக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் பட்டை, கொக்கிக்கு ஒரு ரப்பர் வாஷர். இப்படிப்பட்ட அதிர்வைப் பலர் ஊஃபரின் கோளாறு என்றே எண்ணிப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக ஈக்யூ

இந்த வகை ஹார்ன் 3,500 ஹெர்ட்ஸுக்கு மேல் இயல்பாகவே சரியும். சக்தியைக் கோணம் முழுக்கச் சீராகப் பங்கிடுவதற்குக் கொடுக்கும் விலை அது. 3,500-இல் தொடங்கி 15,000-இல் 8 டெசிபல் வரை ஏறும் ஷெல்ஃப் வடிகட்டி அதை நிமிர்த்துகிறது. அதற்கும் மேலே தள்ளக் கூடாது; டயாஃப்ரம் அங்கே தன் ஒத்ததிர்வில் ஒரே துண்டாக அசையாமல் பகுதி பகுதியாக ஆடும். இந்தத் திருத்தத்தைச் சுவர் ஒலியை வெட்டிய அளவீட்டில் செய்ய வேண்டும், நாற்காலி அளவீட்டில் அல்ல.

57 ஹெர்ட்ஸில் இன்னும் 9 டெசிபல் மேடு மிச்சம். நீளவாட்டு அலையை நாற்காலியின் இடம் அடக்கியது. உயரவாட்டு அலைக்கு எந்த நாற்காலியும் தப்பாது, காது எப்போதும் ஒரு மீட்டரில்தான். 57-இல் 7 டெசிபல் குறைத்து, கியூ (வெட்டு எவ்வளவு குறுகியது என்ற எண்) 6. நிலையலை மேட்டை ஈக்யூவால் வெட்டலாம், முழக்கத்தின் நீளமும் சேர்ந்து குறையும். பள்ளத்தை நிரப்பத்தான் கூடாது. 560-இல் ஒரு பள்ளம் தெரிகிறது: ஊஃபரின் ஒலி தரையில் பட்டு 30 செ.மீ. கூடுதலாக நடந்து வருவதன் விளைவு. மைக்கை 15 செ.மீ. உயர்த்தினால் அது இடம் மாறும். அதனால் தொடவில்லை.

30 ஹெர்ட்ஸில் ஆக்டேவுக்கு 24 டெசிபல் ஹைபாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி). 38-இல் டியூன் செய்த பெட்டியில் அதற்குக் கீழே கோனைப் பிடித்துவைக்கக் காற்றழுத்தம் இருக்காது, கோன் வெறுமனே ஓடும். நாற்காலியில் இறுதி வளைவு 100 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை சுமார் 5 டெசிபல் மெல்லச் சரிகிறது. முழுச் சமதளமாக்கினால் மறுபடி குரல் குத்தத் தொடங்கும்.

எட்டாதது ஒன்று இருக்கிறது. சோஃபாவிலிருந்து எழுந்து பின்சுவர் பக்கம் போனால் 57 ஹெர்ட்ஸ் இன்னும் முழங்குகிறது. ஈக்யூ ஒரு நாற்காலிக்கு மட்டுமே. அதற்கு மருந்து, அந்த அலைவரிசைக்கென்றே கணக்கிட்டுக் கட்டிய பலகை அதிர்வு உறிஞ்சி. கூரையும் பின்சுவரும் சேரும் மூலையில் அதற்கு 4 மீட்டர் நீளம் காலியாக விடப்பட்டிருக்கிறது. அதுவரை செய்ய வேண்டியது ஒன்றே: மூன்று மாதம் கழித்து டிரைவரின் நான்கு போல்ட்டுகளையும் ஊஃபரின் எட்டுத் திருகுகளையும் ஒருமுறை முடுக்கிப் பார்த்து, அதே இடத்தில் மைக்கை வைத்து மறுபடி அளந்து, பழைய வளைவின்மேல் வைத்துப் பார்ப்பது.